வெத்தாணிப் புளி

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முந்தி, ரோடும் வரல, பஸ்ஸும் வரல, கண்ணுக்கெட்டுன மட்டும் கரிசக்காடா இருந்த காலத்துல, சூரங்கரிசல்னு ஒரு ஊரு. இதே ஊருதான். அந்த ஊர்ல வெயிலுகந்தான்னு ஒரு பொம்பள இருந்தா. எங்க வகையறாவுக்கு மூத்தவ.

கயித்த அப்படி மடியில வச்சுக்கிட்டுக் கேளுங்க. கேட்டப்புறமும் கட்டணும்னு தோணுச்சுன்னா கட்டிக்கோங்க, நான் தடுக்கல. எங்கிருந்தோ வேன் புடிச்சு வாறீக. எறங்குனதும் இந்தப் புளியமரத்து ஆணிக்கு மஞ்சளப் பூசுறீக, குங்குமத்த வைக்கீக, கயித்தச் சுத்துறீக. அந்த ஆணிய யாரு அடிச்சா, எதுக்கு அடிச்சான்னு ஒருத்தராச்சும் கேக்கீகளா? கேக்க மாட்டீக. கேக்காமக் கும்புடுறதுதான நமக்குச் சொகம்.

வெயிலுகந்தாவுக்கு அந்தச் சொகம் கெடையாது. ஆனா அவளுக்கும் ஒரு கிறுக்கு இருந்துச்சு. பேயின்னா உசுரு. எந்த ஊர்ல யாரு பேயாடுறாக, எந்தக் கோயில்ல யாருக்கு அருளு வருதுன்னு காதுல விழுந்தாப் போதும், கம்மஞ்சோத்தக் கலயத்துல போட்டுக்கிட்டுக் கெளம்பிருவா. கும்புடப் போறாளா? இல்ல. பேயி ஓட்டப் போறாளா? இல்ல. பாக்கப் போறா. முன்வரிசையில சம்மணம் போட்டு ஒக்காந்து, கண்ணச் சிமிட்டாமப் பாப்பா.

"பாக்காம நம்பமாட்டேன். ஆனா பாக்காம விடவும் மாட்டேன்" அப்படிம்பாளாம்.

ஒரு ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுல சாமியாடி ஒருத்தரு அருள்ல நின்னு ஆளாளுக்குக் குறி சொல்லிக்கிட்டு இருந்தாரு. இவ போனா. "சாமி, எங்க ஆட்டைக் காணோம் சாமி, எந்தப் பக்கம் போயிருக்கு?"ன்னு கேட்டா. சாமி நாக்கக் கடிச்சுக்கிட்டு, "கெழக்க போயிருக்கு, போய்ப் பாரு"ன்னு சொல்லுச்சு. "எங்க வீட்ல ஆடே கெடையாது சாமி"ன்னா இவ. சாமி அன்னைக்குச் சீக்கிரமா மலையேறிருச்சுன்னு சொல்றாக.

ஓடைக்கரையில கொள்ளிவாய்ப் பேயி அலையுதுன்னு ஊரே நடுங்குச்சு. இவ நேரா நடந்து போயிப் பாத்தா. வேலமரத்த வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்க வந்த அசலூர்க்காரக ரெண்டு பேரு ஒக்காந்து கஞ்சி குடிச்சுக்கிட்டு இருந்தாக. அவுகளோட கஞ்சிய வாங்கி இவளும் குடிச்சிட்டு வந்தா.

சரி, பொய்யக் கண்டுபிடிச்சிட்டோம்னு சந்தோசமா வருவான்னு நெனைக்கீகளா? மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வருவா. அவ புருசன் காத்தப்பன் நல்ல மனுசன். அதிர்ந்து பேசாதவரு.

"என்ன, இன்னைக்கும் இல்லையா?"ம்பாரு.

"இல்ல. வெறும் நடிப்பு."

"நெசமாவே ஒண்ணு வந்துட்டா என்னதான் செய்வ?"

"கையப் புடிச்சு ஒக்கார வச்சு, அங்கிட்டு என்ன இருக்குன்னு கேப்பேன். பசிக்குமா, நம்ம நெனப்பு வருமான்னு கேப்பேன். ஒண்ணே ஒண்ணு நெசமா இருந்தாப் போதும். இந்தப் பயலுக எல்லாம் சேந்து அதக் கெடுத்து வச்சிருக்கானுகளே!" அப்படின்னு கலயத்தத் தொம்முன்னு வைப்பாளாம். அவ கோவம் அதுதான். இருக்கா இல்லையான்னு மனசார அறிய நெனைக்கிறவளுக்கு முன்னால, ஒண்ணும் தெரியாதவன் எல்லாம் உடுக்கையத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கானேங்கிற கோவம்.

அவளுக்கு அடுத்த வீடு வெள்ளச்சாமி வீடு. காத்தப்பனுக்குத் தம்பி மொற. அதனால வெயிலுகந்தா அவனுக்கு மதினி. அவன் பொண்டாட்டி பேரு மாடத்தி. வெயிலுகந்தாவ அக்கா அக்கான்னு சுத்திச் சுத்தி வருவா.

அந்தக் காலத்துல பொம்பளைக புருசன் பேரச் சொல்லமாட்டாக. ஒங்களுக்குத் தெரிஞ்சதுதான். ஆனா மாடத்தி மாதிரி யாரும் இருந்ததில்லன்னு சொல்றாக. வெள்ளச்சாமின்னு பேரு. அதனால 'வெள்'ளுன்னு தொடங்குற எந்தச் சொல்லும் அவ வாயில வராது. வெள்ளிக்கிழமைய 'வியாழனுக்கு மறுநா'ம்பா. வெள்ளாமைய 'காட்டு வெளச்சல்'ம்பா. வெள்ளாட்டுக்கு 'செம்மறி இல்லாத ஆடு'. வெள்ளரிக்கா விக்க வாறவன் வேணும்னே கேப்பான், "என்ன காயி தாயி வேணும்?" இவ கூடைய நோக்கிக் கைய நீட்டுவா. "பேரச் சொல்லு, தாறேன்"ம்பான். தெருவே சிரிக்கும். அவளுஞ் சிரிப்பா. சிரிச்சுக்கிட்டே காய வாங்காம உள்ள போயிருவா.

இதெல்லாம் வெளையாட்டுன்னு ஊரு நெனச்சுச்சு. வெளையாட்டா அது?

வெள்ளச்சாமி அவள அடிப்பான். சோறு கொழஞ்சா அடி. சோறு வெறைச்சா அடி. ஒருநா பொறுக்க முடியாம நாட்டாமகிட்டப் போயி நின்னா. மரத்தடியில ஆம்பளைக எல்லாம் ஒக்காந்திருந்தாக.

"என்ன தாயி?"ன்னாரு நாட்டாம.

"அடிக்காக."

"யாரு அடிக்கா?"

"அவுகதான்."

"எவுக? ஊர்ல எத்தனையோ அவுக இருக்காக. பிராதுன்னா பேரு வேணும்ல. பேரச் சொல்லு."

"வீட்ல இருக்கவுக."

"வீட்ல பூனைகூடத்தான் இருக்கு"ன்னு எவனோ ஒருத்தன் சொல்ல, அத்தன பேரும் சிரிச்சாக.

அவ யாரு பொண்டாட்டின்னு அங்க தெரியாதவன் யாரு? எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சேதான் கேட்டாக. மாடத்தி வாயத் தொறந்தா. 'வெ'ன்னு ஒரு எழுத்து வந்துச்சுன்னு சொல்றாக. அதுக்கு மேல வரல. முந்தானையால வாயப் பொத்திக்கிட்டுத் திரும்பி நடந்துட்டா.

கொஞ்ச நாள்ல கெணத்துல கெடந்தா.

தண்ணி எடுக்கப் போனவ தவறி விழுந்துட்டான்னாக. அன்னைக்கு வெயிலுகந்தா ஊர்ல இல்ல. எங்கேயோ ஒரு பொண்ணு பேயாடுறாள்னு பாக்கப் போயிருந்தா. சேதி கேட்டு ஓடியாந்து கெணத்தடியில பாத்தா, மாடத்தியோட குடம் துணிதுவைக்கிற கல்லு மேல கவுத்து வச்சபடி இருக்கு. தவறி விழுந்தவ குடத்தக் கவுத்து வச்சிட்டா விழுவா? ஊரக் கேட்டா. ஊரு வேற பக்கம் பாத்துச்சு. வெயிலுகந்தா அந்தக் குடத்தத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போனவ, வாரக்கணக்கா வெளிய வரலயாம். "செத்தவள எல்லாம் தேடிப் போயிப் பாத்தேன். பக்கத்து வீட்ல உசுரோட இருந்தவளப் பாக்கலையே"ன்னு காத்தப்பன்கிட்டச் சொல்லிச் சொல்லி அழுதாளாம்.

கருமாதிச் சோறு செரிக்கல, அதுக்குள்ள வெள்ளச்சாமி கல்யாணச் சோறு போட்டுட்டான். ரெண்டாந்தாரமா வந்தவ பேரு குருவம்மா. சின்ன வயசு. தாய் தகப்பன் இல்லாதவ, சித்தப்பன் கட்டிக் குடுத்துட்டுப் போயிட்டான். வந்த கொஞ்ச நாள்ல அவ பேச்சு நின்னுபோச்சு. சோறு எறங்கல. புருசன் வீட்டுக்குள்ள வந்தா, தானியம் கொட்டி வைக்கிற குலுக்கைக்குப் பின்னாடி போயி ஒடுங்கி ஒக்காந்துக்கிடுவா. கெணத்துப் பக்கம் கூட்டிட்டுப் போனா ஒடம்பெல்லாம் நடுங்கும்.

வெள்ளச்சாமி சொன்னான்: "மாடத்தி புடிச்சிருக்கா."

ஊரும் சொல்லுச்சு: "ஆமா, மாடத்திதான் புடிச்சிருக்கா."

பாருங்க அநியாயத்த! உசுரோட இருக்கையில அவ பேச்ச ஒருத்தனும் கேக்கல. செத்தப்புறம் ஆளாளுக்கு அவளுக்காகப் பேசுறானுக.

அசலூர்ல இருந்து பேயோட்டுற கோடாங்கி வந்தான். நல்ல உச்சி வெயில்ல, இந்தப் புளியமரத்தடிக்குக் குருவம்மாவக் கொண்டாந்து ஒக்கார வச்சாக. ஈரச் சீலையோட, தலைய விரிச்சு விட்டு. அப்ப இந்த மரம் பூராம் ஆணி. ஒவ்வொரு ஆணியிலயும் ஒரு பொம்பள முடி. பேயி புடிச்சவ உச்சிமுடியப் புடிச்சு ஆணியில சுத்தி, மரத்துல அடிச்சு, அப்புறம் முடிய வெட்டி எடுப்பாக. பேயி மரத்தோட போயிரும்னு நம்பிக்கை. பேயி போகுதோ இல்லையோ, அன்னையோட அந்தப் பொம்பள பேச்சுப் போயிரும். அதுக்கப்புறம் அவ வயித்து வலின்னு சொன்னாலும் "பேயி பேசுது"ம்பாக. புருசன் அடிக்கான்னு சொன்னாலும் "பேயி பேசுது"ம்பாக. ஆணி அடிச்ச பொம்பள சொல்லு எந்தச் சபையிலயும் ஏறாது. வெள்ளச்சாமிக்கு வேண்டியது அதுதான். வெயிலுகந்தாவுக்கு அது புரிஞ்சுபோச்சு. ஆனா அவளும் கலயத்தத் தூக்கிக்கிட்டு வந்து முன்வரிசையிலதான் ஒக்காந்தா. ஏன்? வாறது மாடத்தியா இருந்துட்டான்னா?

கோடாங்கி உடுக்கைய அடிச்சான். வேப்பங்கொழையால குருவம்மா முதுகுல வீசு வீசுன்னு வீசுனான். "யாரு நீ? சொல்லு! யாரு நீ?" குருவம்மா வாயத் தொறக்கல. மறுபடியும் அடிச்சான். தொறக்கல. "அழுத்தக்காரியா இருக்கா. எம்மேல எறங்கித்தான் பேசுவா"ன்னு சொல்லி, தலையச் சிலுப்பி, கொரல மெலிசா ஆக்கிக்கிட்டு ஆரம்பிச்சான்.

"ஏ... நான் மாடத்தி வந்திருக்கேன்... கெணத்துத் தண்ணி குளுருதே... கல்லு மேல கொடத்தக் கவுத்து வச்சேனே... யாருமே கேக்கலையே..."

வெயிலுகந்தாவுக்கு மேலெல்லாம் சிலுத்துப்போச்சு. அத்தன ஊரு சுத்தியும் அவளுக்குச் சிலுக்காத ஒடம்பு. கொடத்தச் சொல்றாளே! "மாடத்தி? நீயாட்டி?"ன்னு முட்டி போட்டு முன்னால நகந்து போனாளாம். கண்ணுல தண்ணி கொட்டுது. ஆயுசு பூராம் தேடுனது வந்துருச்சுன்னு நெனச்சா.

கோடாங்கி விடாம ஆடுறான்: "எம் புருசனப் பங்கு போட வந்த சக்களத்திய விடமாட்டேன்... எனக்கு வெள்ளச் சேவல் வேணும்... வெள்ளச் சீலை வேணும்... வர்ற வெள்ளிக்கிழமை எனக்குப் பொங்க வைக்கணும்... இவ முடிய இந்தப் புளியில அடிங்கடா..."

வெயிலுகந்தா நகர்றத நிறுத்துனா. கண்ணத் தொடச்சா. எந்திரிச்சா.

"உடுக்கைய நிறுத்து! இப்ப என்ன கேட்ட?"

"வெள்ளச் சேவல் கேட்டேன்."

"எல்லாருக்கும் கேக்கும்படியாச் சொல்லு. என்ன சேவல்?"

"வெள்ளச் சேவல்!"

"என்னைக்குப் பொங்க வைக்கணும்?"

"வெள்ளிக்கிழமை!"

கூட்டத்துல பொம்பளைக பக்கம் கசகசன்னு சத்தம் கெளம்புச்சு. ஒருத்தி கைய எடுத்து வாயில வச்சா. வெள்ளரிக்காக்காரன் கூடையோட நின்னவன் தலையக் குனிஞ்சுக்கிட்டான்.

"கேட்டுக்கிட்டீகளா? இவதான் மாடத்தியா? நம்ம மாடத்தியா? வெள்ளரிக்காயச் சொல்ல வாய் வராம, திங்காமலே இருந்தவளா இவ? டேய், அவளப் பத்திக் கேட்டுக்கிட்டு வந்தவன் இதையும் கேட்டுக்கிட்டு வந்திருக்கக் கூடாது? செத்தவ வாயில போயி உன் எச்சிச் சொல்ல வைக்கியேடா!"

கோடாங்கி லேசுப்பட்டவன் இல்ல. சட்டுன்னு சமாளிச்சான். "செத்தவளுக்கு ஏதும்மா புருசன்? தாலி உசுரோட போச்சு. பேரச் சொன்னா என்ன குத்தம்?"

"அதானே"ன்னாக நாலு பேரு.

வெயிலுகந்தா கேட்டா: "சரி. செத்தவளுக்குப் புருசன் இல்ல. அப்படித்தான?"

"அப்படித்தான்."

"புருசனே இல்லாதவளுக்குச் சக்களத்தி எங்கிருந்துடா வந்தா? எவன் மேல பொறாமப்பட்டு இந்தப் புள்ளையப் புடிச்சா? அவன் இன்னும் அவ புருசன்னா பேரச் சொல்லமாட்டா. புருசன் இல்லைன்னா இவளப் புடிக்கமாட்டா. இதுல எது? சொல்லிட்டு ஆணியத் தொடு."

கோடாங்கி பின்னால ஒரு எட்டு வச்சான். உடுக்கையக் கக்கத்துல இடுக்கிக்கிட்டான்.

வெள்ளச்சாமி பாய்ஞ்சு வந்தான். "மதினி, இது ஆம்பளைக காரியம், நீங்க ஒதுங்குங்க. பேயி இல்லைன்னா இவ ஏன் பேசமாட்டேங்கா? பேசச் சொல்லுங்க பாப்போம்!"

வெயிலுகந்தா குருவம்மா முன்னால குத்தவச்சு ஒக்காந்தா. "ஏட்டி, யாரு உன்ன இந்தக் கெதிக்கு ஆளாக்குனது?"

குருவம்மா உதடு ஆடுச்சு. "அவுக..."

அந்தச் சொல்லக் கேட்டதும் வெயிலுகந்தா அவ கையப் புடிச்சா. "அவுக வேண்டாம்ட்டி. இந்த ஊர்ல அவுகன்னா சிரிப்பாக. அவுக அவுகன்னு சொல்லிச் சொல்லியே ஒருத்தி போயிட்டா. பேரச் சொல்லு. நான் பக்கத்துல நிக்கேன், சொல்லு."

காத்து இல்ல. எல அசையல.

"வெள்ளச்சாமி"ன்னா குருவம்மா.

கூட்டம் 'ஆ'ன்னுச்சு. அவ நிறுத்தல. "வெள்ளச்சாமி என்ன அடிக்கான். கொதிக்கிற கஞ்சியக் கால்ல ஊத்துனான், வெள்ளச்சாமி. எதித்துப் பேசுனா, ஒன்னையும் கெணத்துல தள்ளவான்னு கேக்கான், வெள்ளச்சாமி."

'ஒன்னையும்'னா. அந்த 'உம்' இருக்கு பாருங்க, அது கூட்டத்துல எல்லாரு காதுலயும் விழுந்துச்சு. கவுத்து வச்ச கொடம் எல்லாரு கண்ணுக்கும் வந்துச்சு. வெள்ளச்சாமி கைய ஓங்கிக்கிட்டுத்தான் வந்தான். காத்தப்பன், அதிர்ந்து பேசாத மனுசன், குறுக்க வந்து நின்னாரு. நின்னாரு, அவ்வளவுதான்.

வெயிலுகந்தா நேரா நாட்டாமகிட்டப் போனா. "அன்னைக்குப் பேரு கேட்டீரே, மாமா. பேரு இல்லாமப் பிராது இல்லைன்னீரே. இந்தா, பேரு வந்துருச்சு. பிராத வாங்கும்."

நாட்டாமைக்குத் தல நிமிரல. "வாங்கிக்கிட்டேன்"ன்னாரு. "புருசன் பேர வாய்விட்டுச் சொன்னவ, இனி அவனுக்குப் பொண்டாட்டி இல்ல. தீந்துச்சு"ன்னாரு.

அப்ப வெயிலுகந்தா, கோடாங்கி மடியில சொருகியிருந்த ஆணியப் புடுங்குனா. கல்ல எடுத்தா. முடி இல்லாம, ஒண்ணும் இல்லாம, வெறும் ஆணிய இந்த மரத்துல அடிச்சா. "பேயின்னு ஒண்ணு இருந்தா, பொம்பள தலையில வேண்டாம், இந்த வெத்தாணியில வந்து ஒக்காரட்டும். ஒக்காந்தா நானே வந்து பாக்கேன்!"ன்னா. அதுதான் நீங்க மஞ்சப் பூசுற ஆணி. வெத்தாணி. மத்த ஆணிகள எல்லாம் மறுநாளே பொம்பளைக கூடிப் புடுங்கிப் போட்டாக.

வெள்ளச்சாமிய என்ன செஞ்சாகன்னு கேப்பீக. ஊரு வெலக்கி வச்சுச்சு. எவனும் பொண்ணு குடுக்கல. கொஞ்ச நாள்ல எங்கேயோ போயிட்டான். அவ்வளவுதான். ஒரு பொம்பளையக் கொன்னவனுக்கு அவ்வளவுதான்! எனக்குச் சொல்லும்போதெல்லாம் வயிறு எரியுது. குருவம்மா வெயிலுகந்தா வீட்ல மகளா இருந்தா. கெழவியாகிச் சாகுறப்பவும் அவளுக்கு முட்டி வரைக்கும் முடி தொங்குச்சுன்னு சொல்றாக.

வெயிலுகந்தா அதுக்கப்புறம் அசலூருக்குப் பேயி பாக்கப் போகல. தெனமும் உச்சி வெயில்ல இங்க வந்து, ஆணிக்கு எதுக்க ஒக்காந்துக்கிடுவா. "ஏ மாடத்தி, ஒரு தடவ வாட்டி. எனக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம். அந்தப் பேர மட்டும் சொல்லி அத்துக்கிட்டுப் போ"ம்பாளாம். கேட்டுட்டு, காதக் குடுத்து ஒக்காந்திருப்பாளாம். எதுவும் வரல. வரும்னு அவ நம்பவும் இல்ல. ஆனா சாகுற வரைக்கும் கூப்புடாம விடல.

அன்னையில இருந்து இந்த ஊர்ல ஒரு வழக்கம். புருசனோட வாழ முடியாதுன்னு ஒரு பொம்பள முடிவு பண்ணிட்டா, இந்த வெத்தாணிப் புளிக்கு வந்து நிப்பா. கூட ஊருப் பொம்பளைக எல்லாம் வந்து நிப்போம். அவ புருசன் பேர ஊரு கேக்கச் சொல்லுவா. சொல்லிட்டா தீந்துச்சு. ஏன் எதுக்குன்னு கேக்க இந்த ஊர்ல எவனுக்கும் வாயி கெடையாது. அவ சொல்லி முடிச்சதும், கூட நிக்கிற நாங்க எல்லாரும் சேந்து இன்னொரு பேரு சொல்லுவோம்.

"வெள்ளச்சாமி!"

அவன் எங்க யாருக்கும் புருசன் இல்ல. அது மாடத்திக்காக. அன்னைக்கு அவ தொண்டையில நின்னுபோன பேரு. அவ வந்து சொல்லமாட்டா. அதனால நாங்க சொல்றோம்.

இந்த ஆணியில சாமியும் இல்ல, பேயும் இல்ல. கயித்தக் கட்டுறதும் கட்டாததும் ஒங்க பாடு. யாருக்காச்சும் பேரு சொல்லணும்னு இருந்தா முன்னால வாங்க தாயி. நாங்க நிக்கோம்.